கஹவத்தைக்குக் கொண்டுபோன படப்புத்தகம்

சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே லயத்து வீட்டை விட்டு இறங்கினேன். எங்கள் தேயிலைத் தோட்டம் தெரணியகலைக்கு மேலே இருக்கிறது. அதன் பெயரை எழுதவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும். கையில் ஒரு பை, பைக்குள் பழைய சேலைத்துண்டில் சுற்றிய ஒரு ஜப்பான் படப்புத்தகம். கஹவத்தைக்குப் போய், அதை வரைந்த பிரெஞ்சுக்காரரைப் பார்த்து, மாலை நாலு மணிக்குள் நான் திரும்பிவிட வேண்டும்.

நாலு மணிக்குப் பிள்ளைக்காம்பராவில் கூட்டம். தாய்மார் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. அங்கே பிள்ளை பார்க்கிற வேலைக்கு என் மருமகள் சந்திராவின் பெயரைப் போட்டிருந்தார்கள். மலையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு முதுகு சரியில்லை. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் பல்லைக் கடித்துக்கொண்டு கொழுந்து எடுத்தாள். தாய்மார் சம்மதித்தால் திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைக்காம்பரா. சம்மதிக்காவிட்டால் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போவதாக ஏஜென்சிக்காரனிடம் சொல்லி வைத்திருந்தாள். அப்படிப் போனால் இரண்டு பிள்ளைகளும் என்னிடம். சின்னதுக்கு இன்னும் பால் மறக்கவில்லை.

தாய்மார் சம்மதிக்க மாட்டார்கள் என்று ஆகிவிட்டதற்கு இந்தப் புத்தகம்தான் காரணம்.

போன வருஷம் இந்தப் படக்காரர் எங்கள் தோட்டத்துக்கு வந்து மூன்று வாரம் இருந்தார். எத்தியேன் என்று பெயர் சொன்னார். எங்கள் வாயில் அது நுழையாததால் படக்காரர் ஆனார். மலையில், லயத்தில், கோயிலடியில் என்று எங்கே பார்த்தாலும் மடியில் தாளோடு உட்கார்ந்திருப்பார். அவர் வரைந்தது ஜப்பானில் அச்சாகி, புத்தகமாகப் பத்து நாளைக்கு முன்பு தபாலில் வந்தது. எல்லாரும் அவரவர் முகத்தைத் தேடிச் சிரித்தார்கள். என்னையும் போட்டிருந்தார், பீலியடியில் குடத்தோடு. அப்புறம் கைப்பிள்ளைக்காரி ராணி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தாள்.

விரித்த இரண்டு பக்கத்திலும் எழுத்தே இல்லை, பக்கம் பக்கமாக நாலு படம்தான். ஒன்றில் காளியம்மாவின் சாக்கு நிறைந்து நிற்கிறது, சந்திராவின் சாக்கு தொய்ந்து கிடக்கிறது. அடுத்ததில் கொழுந்துக்குள் கைகள். அடுத்ததில் காளியம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இருமுகிறாள். கடைசியில் சந்திராவின் சாக்கு நிறைந்து நிற்கிறது, காளியம்மாவுடையது தொய்ந்து கிடக்கிறது.

காளியம்மா நெஞ்சு நோய்க்காரி. ஆள் துணை இல்லை.

"நோய்க்காரிகிட்ட கொழுந்து களவெடுக்கிறவ, எம் புள்ளயோட பாலை மட்டும் விட்டு வைப்பாளா?" என்று ராணி லயத்துக்கே கேட்கக் கத்தினாள். காளியம்மாவைக் கேட்டார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. சந்திரா என்னிடம் ஒரே ஒரு தடவை, "நான் எடுக்கல அத்தை" என்றாள். அதற்கு மேல் அவளும் வாயைத் திறக்கவில்லை. தோட்டத்து ஆபீஸான கந்தோருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. எங்களுக்குள் என்ன சண்டை வந்தாலும் கந்தோருக்குப் போகாது.

ஐந்தரைக்குத் தெரணியகலையில் அவிசாவளை பஸ் கிடைத்தது. ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், வளைவும் இறக்கமுமான பாதை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு நடமாடினார்கள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

முதல்நாள் பின்னேரம் நிசாம் என்பவருடைய நம்பருக்குப் போன் போட்டிருந்தேன். கஹவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறவர். படக்காரருக்குப் பேச்சுத் துணையாக எங்கள் தோட்டத்துக்கும் வந்தவர். படக்காரர் தன் கடை மாடியில்தான் இருக்கிறார், மறுநாள் மத்தியானம் புறப்படுகிறார் என்றார். விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் லயத்தில் ஒரு காம்பராவில் பேசினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். "நேர்ல வாறேன் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

பஸ்ஸில் எனக்கு இருந்த பயத்தைச் சொல்கிறேன். அந்தப் படம் பொய் என்று படக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வரத்தான் புறப்பட்டேன். ஆனால் அவர் பொய் வரைகிற ஆள் இல்லை. கோயில் சுவரில் இருக்கிற வெடிப்பைக்கூட விடாமல் போட்டிருந்தார். சந்திராவின் தாடை மச்சம், அவள் இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியின் கிழிசல், எல்லாம் அப்படியே இருந்தது. 'என் கண்ணால் பார்த்தேன்' என்று அவர் சொல்லிவிட்டால்? அந்த வார்த்தையையும் சுமந்துகொண்டு நான் எப்படித் திரும்பி வருவேன்? ஒரே வீட்டில் ஆறு வருஷம் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். எடுத்திருப்பாளோ என்று ஒரு தடவை நினைத்தேன். நினைத்ததும் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவிசாவளையில் இரத்தினபுரி பஸ் மாறினேன். நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எஹலியகொடை வரைக்கும் நின்றுகொண்டுதான் போனேன். கண்டக்டர் பையன், "ஆச்சி, கொஹேத யன்னே?" என்று எங்கே போகிறேனெனச் சிங்களத்தில் கேட்டான். கஹவத்தைக்கு என்றதும் மரவள்ளிக் கிழங்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு சிங்கள அம்மாவை நகரச் சொல்லி இடம் பிடித்துத் தந்தான். அந்த அம்மா என் பையைத் தன் மடியில் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. தப்பாக நினைத்திருப்பாள்.

குருவிட்டைக்கு இந்தப் பக்கம் பஸ் நின்றுவிட்டது. இரவு பெய்த மழையில் ஒரு மரம் ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. ஆட்கள் இறங்கிப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போனில் படம் பிடித்தார்கள். மரம் வெட்டுகிற மெஷின் வரும் என்றார்கள், வந்தது, எண்ணெய் இல்லை என்றார்கள்.  டிரைவரிடம் போய்க் கேட்க வாய் வரவில்லை. மூன்று தடவை எழுந்து மூன்று தடவை உட்கார்ந்தேன். கிழங்கு அம்மாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்காகச் சத்தம் போட்டாள். அரை மணி நேரத்துக்கு மேல் போன பிறகு வழி விட்டது.

இரத்தினபுரியில் எம்பிலிப்பிட்டிய பஸ்ஸைப் பிடித்தால் பெல்மதுளை தாண்டிக் கஹவத்தையில் இறக்கிவிடும். அன்று சந்தியில் மாணிக்கக் கல் வியாபாரிகள் வழக்கம்போல உள்ளங்கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். பஸ் வருகிறதா என்று பார்த்த கண்ணுக்கு வேறு ஒன்றும் படவில்லை.

கஹவத்தையில் இறங்கும்போது பதினொன்று. ஊர் எங்கள் தெரணியகலையைவிடப் பெரிது. தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க இறங்கியிருந்தார்கள். நிசாமின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வாசலில் ஜப்பான் வேன் கதவுகள் சாய்த்து வைத்திருந்தன.

"வாங்கம்மா, இரிங்க. இவ்வளவு தூரம் தனியாவா வந்தீங்க?" என்றார் நிசாம்.

ஒன்று சொல்ல வேண்டும். நிசாமுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவர் ஜப்பானில் பழைய வாகனம் பிரிக்கிற இடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். படக்காரரும் ஜப்பானில் இருந்தவர். கஹவத்தையில் ஒரு பிரெஞ்சுக்காரரும் ஒரு முஸ்லிம் கடைக்காரரும் ஜப்பான் பாஷையில் பேசிக்கொள்கிறார்கள்.

மாடியில் படக்காரர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்துக் கும்பிட்டார். நான் சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு படமாக விரலை வைத்துக் காட்டினேன். நிறைந்த சாக்கு, கைகள், இருமுகிற காளியம்மா, சந்திராவின் நிறைந்த சாக்கு.

"தம்பி, இது பொய்யின்னு எழுதித் தரச் சொல்லுங்க. இதனால எம் மருமகளுக்கு ஊர்ல களவாணிப் பேரு. இன்னைக்கு நாலு மணிக்கு அவ பொழப்பு போவப் போவுது."

நிசாம் சொன்னார். படக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் போன திசையை. பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். புத்தகத்தை மூடினார். அதைப் புரட்டி, நாங்கள் கடைசி அட்டை என்று நினைத்திருந்த பக்கத்திலிருந்து திறந்தார். அதே பக்கத்துக்கு வந்து, வலது ஓரத்தில் இருந்த படத்தில் விரலை வைத்து இடது பக்கமாக மெதுவாக நகர்த்தினார்.

சந்திராவின் சாக்கு நிறைந்து நிற்கிறது, காளியம்மாவின் சாக்கு தொய்ந்து கிடக்கிறது. காளியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமுகிறாள். கொழுந்துக்குள் கைகள். காளியம்மாவின் சாக்கு நிறைந்து நிற்கிறது.

"ஜப்பான்ல புத்தகம் இந்தப் பக்கமிருந்துதான் படிக்கிறதும்மா," என்றார் நிசாம். "நம்ம குர்ஆன் மாதிரின்னு வைங்களேன். எனக்கு இது பழகிப் போச்சு, உங்களுக்குச் செல்லணும்னே தோணல்ல."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். காளியம்மா முகத்தைத் திருப்பியிருக்கிறாளே, அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. நிறுவைக்குப் போகிற வழியில், முடியாதவளுடைய சாக்கில் முடிந்தவள் தன் கொழுந்தில் இரண்டு கை அள்ளிப் போடுவாள், அவளுக்கும் முழுப் பேர் விழட்டும் என்று. அன்றைக்குச் சொன்ன நிறை இல்லாவிட்டால் அரைப் பேர்தான், அரைச் சம்பளம்தான். போடும்போது வாங்குகிறவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். போடுகிறவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள். அதைப் பற்றி அப்புறமும் பேச்சுக் கிடையாது. பிள்ளை வயிற்றோடு நான் மலைக்குப் போன நாட்களில் என் சாக்கிலும் யாரோ போட்டிருக்கிறார்கள். யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சந்திரா ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. ஒருத்தி கொழுந்தை இன்னொருத்தி பேரில் நிறுப்பது தோட்டக் கணக்கில் களவுதான். போட்டவளுக்கும் வேலை போகும், வாங்கினவளுக்கும் போகும். 'கொடுத்தேன்' என்று சந்திரா சொல்லியிருந்தால் காளியம்மா போயிருப்பாள். அதனால் களவாணி என்ற பெயரை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

படக்காரர் வேகமாக ஏதோ சொன்னார். "தானும் வாறாராம். தாய்மார் முன்னால நின்னு விளங்கப்படுத்துறாராம். பிளேனை மாத்தலாம்கிறார்," என்றார் நிசாம்.

"வேணாம் தம்பி. அங்க கந்தோர் நலன்புரி ஐயாவும் இருப்பார். இவர் சந்திரா குடுத்தான்னு சொல்லிட்டா, ரெண்டு பேரையும் இவரே வேலைய விட்டு அனுப்பின மாதிரி ஆயிடும்."

அதை நிசாம் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து உள்ளே போய்ப் பெரிய தாள்கள் சிலவற்றைக் கொண்டுவந்தார். இதே கதை, ஆனால் வண்ணத்தில். பிரான்ஸில் அச்சிடப் போகிறதாம். எங்களைப் போல இடமிருந்து வலமாகப் போகிறது. ஜப்பான் புத்தகத்தில் இரண்டு பக்கம் எடுத்த அந்தக் காரியம் இதில் அடியில் ஒரே வரிசை.

என்னைக் கொண்டுபோய் விட நிசாம் வேனை எடுக்க ஆள் அனுப்பியிருந்தார். அது வருகிற வரைக்கும் நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், "எதுக்கு ஒரே கதைய ரெண்டு தடவை வரையிறார்?"

அதற்குப் படக்காரர் தன் பிழைப்பையே சொன்னார். பிரான்ஸில் படக்கதை என்றால் கெட்டி அட்டை போட்ட பெரிய புத்தகம், வண்ணம், வருஷத்துக்கு ஒன்று வந்தால் அதிகம். இவர் வரைந்ததைப் பார்த்து அங்கே, 'ஏன் யாரும் பேசாமலே இருக்கிறார்கள்' என்று கேட்டார்களாம். ஜப்பானுக்குக் கொண்டுபோனார். அங்கே, 'ஒரு பக்கத்தில் இவ்வளவு அடைக்காதே, மூச்சு விட இடம் கொடு' என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு ஜப்பான் படக்காரரிடம் கையாளாகச் சேர்ந்து ரொம்ப நாள் மழையும் புல்லும் மட்டும் கோடு போட்டாராம். மனுஷர் முகத்தைத் தொட விடவில்லை.

"மழைய மட்டுமா?" என்றேன்.

"மழை மட்டும்தான். அந்த ஆள், இது நனைக்கிற மழை இல்லன்னு செல்லிக் கிழிச்சிப் போடுவாராம்."

பிறகு இவருடைய முதல் பிரெஞ்சுப் புத்தகத்தை ஜப்பான்காரர்கள் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திருப்பிப் போட்டு அச்சடித்தார்களாம், அவர்கள் பக்கத்திலிருந்து படிக்க வேண்டுமே என்று. ஒரு தாளைக் காட்டினார். கல்யாண விருந்து. எல்லாரும் இடது கையால் குடிக்கிறார்கள், மணப்பெண்ணுக்கு மோதிரம் தப்பான கையில், சட்டைப் பொத்தான் தப்பான பக்கம். அவருடைய சொந்தக்காரர்களின் முகங்களாம் அவை. ஊரே கோபித்துக்கொண்டதாம். அன்றிலிருந்து எந்தக் கதையானாலும் அந்த நாட்டுக்கு ஒரு தடவை, இந்த நாட்டுக்கு ஒரு தடவை, கையாலேயே வரைகிறார்.

"பிரான்ஸ்ல இவரை ஜப்பான்காரன்னு செல்றாங்களாம், ஜப்பான்ல பிரெஞ்சுக்காரன்னு."

"எங்கள இங்க இந்தியாக்காரங்கன்னாங்க, அங்க போனவங்கள சிலோன்காரங்கன்னாங்க," என்றேன். நிசாம் சொன்னதைக் கேட்டுப் படக்காரர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார்.

வேன் வந்துவிட்டது. படக்காரர் பிரெஞ்சுத் தாளை உறையில் போட்டு நீட்டினார். யார் பார்த்தாலும் விளங்கும், விரல் வைத்துக் காட்ட வேண்டியதில்லை என்றார். கையில் வாங்கிவிட்டு யோசித்தேன். யார் பார்த்தாலும் விளங்கும் என்பதுதான் சிக்கல். ஐயாவும் பார்ப்பார்.

தாளைத் திருப்பிக் கொடுத்து ஜப்பான் புத்தகத்தையே பையில் வைத்தேன்.

"இந்தப் படத்தைப் பிரான்ஸ் புத்தகத்திலயிருந்து எடுத்திரட்டுமான்னு கேக்கிறார்மா."

"எடுக்க வேணாம். முகத்தை மாத்தச் சொல்லுங்க. மச்சம், கிழிசல் எதுவும் வேணாம். கை மட்டும் இருக்கட்டும்."

அவர் பென்சிலை எடுத்து அந்தத் தாளில் ஒரு குறி போட்டார். கீழே இறங்கி வேன் கதவு வரைக்கும் வந்தார்.

பன்னிரண்டுக்குப் புறப்பட்டோம். நிசாமே ஓட்டினார். டீசலுக்குப் பணம் தருகிறேன் என்றதற்கு, "புத்தகத்தைத் தபால்ல போட்டதே நான்தானேம்மா, எனக்கும் பாதிக் குத்தம் ஈக்கிது" என்றார். பெல்மதுளை, இரத்தினபுரி, எஹலியகொடை. சாப்பிட எங்கும் நிற்கவில்லை. அவிசாவளையில் மழை பிடித்துக்கொண்டது. தெரணியகலைக்கு வரும்போது மூன்றரை. தோட்டத்து ரோட்டில் மண் கரைந்து வேன் ஏறவில்லை. நான் இறங்கி நடந்தேன். நிசாம் குடையோடு பின்னால் வந்தார், வாசலுக்கு வராமல் ஆலையடியிலேயே நின்றுகொண்டார்.

பிள்ளைக்காம்பராவுக்குள் நுழையும்போது கூட்டம் தொடங்கியிருந்தது. நலன்புரி ஐயா மேசைக்குப் பின்னால் பேனாவோடு உட்கார்ந்து பால்மா பற்றியும் கை கழுவுவது பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். சிங்களவர், நல்ல மனுஷர், தமிழ் பேசுவார். ஆனாலும் கந்தோர் ஆள். சந்திரா கதவடியில் நின்றாள். காளியம்மா வெளிப் படியில் நனைந்துகொண்டிருந்தாள்.

"வந்துட்டாங்க மாமியா, வக்கீலாட்டம்" என்றாள் ராணி.

எழுந்து நின்று பேச என்னால் ஆகாது, பேசவும் கூடாது. பெண்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தேன். புத்தகத்தை மடியில் வைத்து, அவர்கள் பார்க்கும்படி மெதுவாகப் புரட்டி, பின்னட்டையிலிருந்து திறந்தேன். வலது ஓரத்தில் விரலை வைத்தேன். இடது பக்கமாக நகர்த்தினேன். பக்கத்தில் இருந்தவள் குனிந்தாள். மறுபடியும் நகர்த்தினேன். அவள் புத்தகத்தைத் தன் மடிக்கு இழுத்து, அடுத்தவளுக்கு அதே மாதிரி விரல் வைத்துக் காட்டினாள். மடி மடியாகப் போனது. ஐயா கொசுவலை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.  ஒருத்தி வாசலைத் திரும்பிப் பார்த்து, படியில் இருந்த காளியம்மாவின் முதுகைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசியாக ராணி. இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாம் தடவை விரல் பாதியிலேயே நின்றுவிட்டது.

"அது என்ன புத்தகம்?" என்று ஐயா கேட்டார்.

ராணி புத்தகத்தை மூடினாள். 

"படம் ஐயா," என்றாள் ராணி. "ஜப்பான் படம். புள்ளைகளுக்குக் காட்ட."

ஐயா கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியாது, கொடுத்தாள். அவர் நாங்கள் முதலில் திறந்த மாதிரியே இடது பக்கத்திலிருந்து திறந்து புரட்டினார். அந்தப் பக்கம் வந்தது. நின்றார். "இது சந்திரா தானே?"

"ஆமாங்க," என்றாள் ராணி, "கொழுந்தள்ளுறா. பக்கத்தில காளியம்மாக்கா, இருமல்காரி. எங்க எல்லாரையும் போட்டிருக்கார் ஐயா. என் மூக்கை மட்டும் அந்த மனுஷன் உருளைக்கிழங்கு மாதிரி போட்டுட்டார், பாருங்க." எட்டி, பத்துப் பக்கம் சேர்த்துப் புரட்டித் தன் மூக்கைக் காட்டினாள். ஐயா சிரித்துவிட்டார். புத்தகம் மூடியது.

"சரி. சந்திராவுக்கு விருப்பம் இல்லாத ஆள் கை தூக்குங்க."

 ஒரு கையும் எழவில்லை. ஐயா ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

வெளியே வரும்போது ராணி சந்திராவின் முன்னால் நின்றாள். "எம் பய கடிப்பான். பல்லு முளைக்குது. பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு விறுவிறு என்று போய்விட்டாள். மன்னிப்பு என்று எங்கள் பக்கம் இதற்கு மேல் கேட்பது கிடையாது.

ஆலையடியில் நிசாமுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். போகிற வேனைப் பார்த்துக்கொண்டு நின்றபோது ஒன்று தோன்றியது. சந்திராவுக்கு வேலை கிடைத்துவிட்டது. அப்படியானால் திங்கட்கிழமை அவள் மலையில் இருக்க மாட்டாள். காளியம்மாவின் சாக்கு? அதை நான் கஹவத்தையிலும் நினைக்கவில்லை, வழியிலும் நினைக்கவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு நிறுவை நடக்கிற இடத்துக்குப் போனேன். காளியம்மாவின் சாக்கைத் தூக்கி மாட்டினார்கள். முழுப் பேர். அடுத்தது ராணி. எங்கள் மலையில் அவள்தான் வேகக்காரி, ஒவ்வொரு நாளும் சொன்ன நிறைக்கு மேல் ஐந்தாறு கிலோ வைத்திருப்பாள். அன்று தராசு முள் சொன்ன நிறையைச் சரியாகத் தொட்டு நின்றது.

"என்ன ராணி, இன்னைக்குக் கை ஓடலியா?" என்று சுப்பவைசர் கேட்டார்.

"வெயில் ஐயா, தாங்க முடியல" என்றாள் ராணி.

காலையிலிருந்து விடாத மழை. அவள் தலையில் போட்டிருந்த பொலித்தீனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.